களை, குப்பை, துப்புரவு: இந்தியத் தோட்ட ஒழுங்கின் சொல்வரலாறு

1. முன்னுரை

தோட்டக்கலை, சுற்றுச்சூழல் ஆகிய துறைகளின் நூல்களைத் தமிழாக்குவோர் அண்மைக் காலத்தில் ஒரு கருத்தை அடிக்கடி எதிர்கொள்கின்றனர். தோட்டம் பார்வைக்கு ஒழுங்காக இருத்தல் வேண்டும். அதே வேளையில் பறவையும் பூச்சியும் ஓணானும் தேரையும் வந்து தங்குவதற்கு அதில் இடம் இருத்தல் வேண்டும் என்பதே அக்கருத்து. இதனைத் தமிழில் ஒரு தொடராகச் சொல்ல முற்படும்போது இடர் எழுகிறது. 'வனவிலங்குத் தோட்டம்' என்றால் விலங்குக் காட்சிசாலை நினைவுக்கு வருகிறது. 'இயற்கைத் தோட்டம்' என்றால் வேதி உரமிடாத காய்கறித் தோட்டம் என்றே பெரும்பாலோர் பொருள் கொள்வர். 'காட்டுத் தோட்டம்' என்றாலோ பராமரிப்பின்றிப் புதர்மண்டிய இடம் என்றாகிவிடுகிறது.

இவ்விடர் சொற்பஞ்சத்தால் வந்ததன்று என்பதே இக்கட்டுரை நிறுவ முயலும் கருத்தாகும். ஒழுங்கையும் உயிர்வாழ்வையும் பிரிக்காமல் நோக்கும் சொற்கள் தமிழில் உள. ஆயினும் கடந்த இருநூறு ஆண்டுகளில் தோட்ட ஒழுங்கு பற்றிய எண்ணம் இந்தியாவில் மாறியது. அம்மாற்றத்தோடு களை, குப்பை, துப்புரவு என்னும் மூன்று அன்றாடச் சொற்களின் பயன்பாட்டு எல்லையும் மாறிற்று. கட்டுரையின் முற்பகுதி அம்மாற்றத்தின் வரலாற்றையும் பிற்பகுதி அச்சொற்களின் பொருண்மையையும் ஆராய்கின்றன.

2. காட்டுக்கும் மனைக்கும் இடையில்

தோட்டம் என்பதற்குத் தமிழில் ஒரே சொல் இருந்ததில்லை. கா, பொழில், சோலை, தண்டலை, படப்பை, துடவை, தோப்பு, கொல்லை, நந்தவனம் எனப் பல சொற்கள் பல காலங்களில் வழங்கியுள்ளன. இவற்றை ஒரு வரிசையில் நிறுத்திப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். காடு ஒரு முனையிலும் மனை மறுமுனையிலும் இருக்க, இடைப்பட்ட நிலைகள் ஒவ்வொன்றும் தனிப்பெயர் பெற்றுள்ளன. எங்கே காடு முடிகிறது, எங்கே தோட்டம் தொடங்குகிறது என்னும் கூர்மையான எல்லைக்கோடு இவ்வரிசையில் இல்லை.

கொல்லை என்னும் சொல் இதற்கு நல்ல சான்று. பழைய வழக்கில் அது முல்லை நிலத்துப் புன்செய்யைக் குறித்தது. இன்றோ காவிரிப் பகுதி முதலிய இடங்களில் வீட்டின் பின்புறத்தைக் குறிக்கிறது. காட்டோரத்துச் சொல் வீட்டுக்குள் வந்தது. ஆயினும் தன் இயல்பை முற்றிலும் விட்டுவிடவில்லை. வாசல் நாள்தோறும் பெருக்கித் தெளிக்கப்படும் இடம். கொல்லையோ வாழையும் முருங்கையும் கறிவேப்பிலையும் கிணற்றடி நீரைக் குடித்து வளரும் இடம். அங்கே சருகு கிடக்கும், அணிலும் அரணையும் திரியும், தவிட்டுக்குருவி இலைகளைப் புரட்டும். கொல்லையில் சருகு கிடந்ததால் அவ்வீடு ஒழுங்கற்றது என்று எவரும் கூறுவதில்லை. ஒழுங்கின் அளவுகோல் இடத்திற்கேற்ப வேறுபட்டது என்பதே இதன் பொருள்.

நந்தவனம் என்னும் சொல்லும் கருதத்தக்கது. இந்திரனின் நந்தனவனத்திலிருந்து வந்த இவ்வடசொல்லின் ஈற்றில் நிற்பது காட்டைக் குறிக்கும் வனமே. கோயில் நந்தவனம் பயன் நோக்கிப் பேணப்பட்டது. திருப்பள்ளித்தாமம் எனப்பட்ட மாலைகளுக்கு மலர் தருவதே அதன் பணி. அதற்கென விடப்பட்ட நிலத்தைத் திருநந்தவனப்புறம் என்று கல்வெட்டுகள் குறிக்கின்றன. மனிதர் பேணிய தோட்டத்திற்கே வனம் என்று பெயரிட அன்று தயக்கம் இருக்கவில்லை.

கா என்னும் சொல்லுக்கு இனமான காவு மலையாளத்தில் தெய்வத்திற்கு விடப்பட்ட தோப்பைக் குறிக்கிறது. குடகில் அத்தகைய இடம் தேவரகாடு எனவும், தமிழில் கோயில்காடு எனவும் வழங்கும். இன்று நகராட்சியின் பூங்காவிலும் அதே கா நிற்கிறது. ஆனால் வெட்டக் கூடாத தோப்புக்கும் வாரந்தோறும் வெட்டப்படும் புல்தரைக்கும் இடையே பெரும் வரலாறு கிடக்கிறது.

தோட்டம் என்னும் பொதுச்சொல்லோ எதிர்த்திசையில் விரிந்தது. கன்னடத்திலும் தெலுங்கிலும் தோட என வழங்கும் இச்சொல், கொங்குப் பகுதியில் கிணற்றுப் பாசன நிலத்தைக் குறிக்கும்; அங்கே மானாவாரி நிலத்திற்குக் காடு என்று பெயர். மலைச்சரிவில் ஒரே பயிரை நிரைநிரையாக நட்ட பெருநிலமும் பிற்காலத்தில் தேயிலைத் தோட்டம் எனப் பெயர் பெற்றது. பல்லுயிர் வாழ்ந்த மனைத்தோட்டமும் ஓருயிரே வளரும் மலைத்தோட்டமும் ஒரு சொல்லுக்குள் அடங்கியதால், அச்சொல்லைக் கொண்டு மட்டும் இவ்விரண்டின் வேறுபாட்டை உணர்த்த முடியாமற் போயிற்று.

3. அளந்து வகுத்த தோட்டம்

கோடிட்டு வகுத்த தோட்டம் ஆங்கிலேயர் வருகைக்கு முன்னரே இந்தியாவுக்கு அறிமுகமானது. 1526இல் வட இந்தியாவில் ஆட்சியமைத்த பாபர், இந்நாட்டில் ஓடும் நீரும் ஒழுங்கும் சமச்சீரும் இல்லை என்று தம் நினைவுக் குறிப்புகளில் குறைப்பட்டுக்கொண்டார். ஆக்ராவில் யமுனைக் கரையில் அவர் தோட்டம் அமைக்க முற்பட்டதற்கு இக்குறையே தூண்டுதலாயிற்று. நான்கு பகுதியாக வகுத்த தோட்டத்திற்குப் பாரசீகத்தில் சார்பாக் என்று பெயர். இவ்வமைப்பில் ஒழுங்கு என்பது வாய்க்காலிலும் நடைபாதையிலும் இருந்தது. கோடுகளுக்கு இடைப்பட்ட பாத்திகளில் பழமரங்கள் நின்றன. பறவைகளுக்குத் தடை இருக்கவில்லை.

பெங்களூரில் ஹைதர் அலி 1760இல் தொடங்கிய லால்பாக், பெயரிலேயே இம்மரபைத் தாங்கி நிற்கிறது. திப்பு சுல்தான் பிற நாடுகளிலிருந்து செடிகளை வருவித்து அதனை வளர்த்தார். 1856இல் அது அரசுத் தாவரவியல் தோட்டமாயிற்று. கண்ணாடி மாளிகைக்கு 1889இல் அடிக்கல் நாட்டப்பட்டது. மலர்க் கண்காட்சிகளுக்குப் பெயர்பெற்ற அதே வளாகத்தில் பழம்பெரு மரங்களும் ஏரியும் தொன்மையான பாறையும் இருப்பதால், காட்சிக்குரிய ஒழுங்கும் உயிர்களின் வாழிடமும் அங்கே அருகருகே நிலைபெற்றுள்ளன. இவ்விரண்டும் மோதிக்கொண்ட இடம் வேறு.

4. கல்கத்தா: வகைப்பாடும் நிழலும்

ராபர்ட் கிட் 1786இல் முன்வைத்த திட்டத்தின்படி, 1787இல் ஹூக்ளி ஆற்றின் மேற்குக் கரையில் கல்கத்தாத் தாவரவியல் தோட்டம் நிறுவப்பட்டது. பஞ்ச காலத்தில் உணவாகத்தக்க மரங்களையும் வணிகத்துக்குரிய செடிகளையும் வளர்த்துப் பரப்புவது அதன் நோக்கங்களுள் அடங்கும். 1793இல் பொறுப்பேற்ற வில்லியம் ராக்ஸ்பர்கும், பின்னர் நெடுங்காலம் தலைமை வகித்த நதானியேல் வாலிக்கும் அதனை நிழல் செறிந்த பெருந்தோட்டமாக வளர்த்தனர்.

வாலிக் விடுப்பில் சென்றிருந்தபோது, 1842 முதல் 1844 வரை வில்லியம் கிரிஃபித் தற்காலிகப் பொறுப்பில் இருந்தார். அவர் தம் காலத்தின் தலைசிறந்த தாவரவியலாளருள் ஒருவர். தோட்டம் ஒரு பாடநூல் போல அமைய வேண்டும் என்பது அவர் எண்ணம். தாவரக் குடும்பங்களின் இயற்கை வகைப்பாட்டு முறைக்கு ஏற்பப் பாத்திகளை வரிசைப்படுத்த முனைந்தார். அதற்குத் தடையாக நின்ற பழைய மரங்கள் வெட்டப்பட்டன. 1848இல் இந்தியா வந்த ஜோசப் ஹூக்கர், 1854இல் வெளியான தம் இமாலயப் பயண நூலில் இதனை வருத்தத்தோடு பதிவு செய்துள்ளார். கிரிஃபித்தின் அறிவைப் பெரிதும் மதித்த ஹூக்கரே, நிழலும் மண்ணும் ஈரமும் கருதாது செய்யப்பட்ட அம்மாற்றத்தால் தோட்டம் வெயிலில் வெறுமையாகக் கிடந்ததைச் சுட்டிக்காட்டினார். 1864இல் வீசிய பெரும்புயல் எஞ்சிய மரங்களுள் மிகப் பலவற்றைச் சாய்த்தது. 1871 முதல் ஜார்ஜ் கிங் நீர்நிலைகளும் மேடுகளும் கொண்டதாக அதனை மீண்டும் உருவாக்கினார்.

மொழியியலாருக்கு இந்நிகழ்ச்சி நன்கு விளங்கும். அகராதியில் சொற்களை அகரவரிசையில் நிறுத்துகிறோம். பேச்சில் அவை அவ்வாறு நிற்பதில்லை. வகைப்பாடு பொருள்களை அறிவதற்கான கருவி. அதனைப் பொருள்கள் வாழும் முறையாகவே ஆக்க முயன்றால், உறவுகள் அறுபடும். நிழலில் வளரும் செடிக்கும் நிழல்தரும் மரத்துக்கும் உள்ள உறவு தாவரக் குடும்ப உறவன்று. கிரிஃபித்தின் வரைபடத்தில் அவ்வுறவைக் காட்டுவதற்கு இடமில்லை.

தாவரவியல் தோட்டங்களின் வேறொரு விளைவு மெல்லப் புலப்பட்டது. தமிழில் உண்ணிச்செடி எனப்படும் லாண்டனா, பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அழகுச் செடியாக இந்தியாவுக்குக் கொணரப்பட்டது. பல நிறப் பூங்கொத்தும் வேலியாகப் பயன்படும் அடர்த்தியும் அதனை விரும்பச் செய்தன. அதன் பழங்களை உண்ட பறவைகள் விதைகளைக் காடெங்கும் பரப்பின. நாட்டில் புலிகள் வாழும் பரப்பில் 40 விழுக்காட்டுக்கு மேற்பட்ட பகுதியில் அது ஊடுருவியுள்ளதை 2020இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வங்கத்துக்கு வந்த வெங்காயத்தாமரையின் கதையும் இத்தகையதே. ஊதாப்பூவின் அழகுக்காகக் கொணரப்பட்ட அதனை அழிப்பதற்கென்றே 1936இல் வங்காள மாகாணம் ஒரு சட்டம் இயற்ற நேர்ந்தது. எந்தத் தோட்டம் களையற்ற ஒழுங்கை இலக்காகக் கொண்டதோ, அதன் வேலிக்குள்ளிருந்தே நாட்டின் பெருங்களைகள் சில புறப்பட்டன.

5. நீலகிரி: சோலையும் புல்வெளியும்

மலைநிலத்தில் இம்முரண் வேறு வடிவம் கொண்டது. நீலகிரியின் உயர்மலைப் பள்ளங்களில் காணப்படும் பசுமைமாறாக் குறுங்காட்டைச் சோலை என்கிறோம். இத்தமிழ்ச்சொல் ஆங்கிலத்துள் புகுந்து, இன்று உலகச் சூழலியலாருக்கு ஒரு காட்டு வகையின் கலைச்சொல்லாகியுள்ளது. தமிழ் இலக்கிய வழக்கில் இன்பம் தரும் மரச்செறிவு, அறிவியலில் மலைக்காடு என்னும் இருபொருளும் ஒரே சொல்லில் தங்கியிருப்பது, முன்னர்க் கூறிய தொடர்வரிசைக்கு மேலும் ஒரு சான்றாகும்.

சோலைகளைச் சூழ்ந்திருப்பவை இயற்கைப் புல்வெளிகள். தோடர்களின் எருமைகள் மேய்ந்த நிலம் அது. மரம் இல்லாமையால் வந்தேறிய ஆட்சியின் கண்ணுக்கு அது பயனற்ற நிலமாகத் தோன்றியது. 1840கள் தொடங்கித் தைலமரமும் சீகை எனப்பட்ட ஆஸ்திரேலிய வேல மரமும் நீலகிரிக்குக் கொணரப்பட்டன. காலப்போக்கில் புல்வெளியின் பெரும்பகுதியை அவை மூடின. அதே காலத்தில், 1848இல் உதகை வந்த வில்லியம் மெக்ஐவர் அங்குத் தாவரவியல் தோட்டத்தை உருவாக்கினார். சரிவுகளைத் திருத்தி வெட்டிச் சீராக்கிய புல்தரை அத்தோட்டத்தின் சிறப்பாயிற்று. தானே வளர்ந்த புல்வெளி தரிசு எனப்பட்டது. வளர்த்து வெட்டிய புல்தரை தோட்டம் எனப்பட்டது. இரண்டும் புல்லே. வேறுபாடு செடியில் இல்லை, பெயரில் இருந்தது. பெயர் நிலத்தின் முடிவைத் தீர்மானித்தது.

6. மூன்று சொற்களின் இடப்பெயர்ச்சி

மேற்கண்ட வரலாறு தமிழ்ச் சொற்களில் எவ்வாறு பதிந்துள்ளது என்பதை இனிக் காணலாம்.

முதலாவது, களை. இது எந்தச் செடிவகைக்கும் உரிய பெயரன்று. துயர் களைதல், ஆடை களைதல் என்பவற்றில் வரும் 'நீக்குதல்' என்னும் வினையோடு ஒன்றுபட்ட பெயர். நீக்கத்தக்கது எதுவோ அது களை. எதிலிருந்து நீக்குவது என்ற கேள்வி இச்சொல்லுள் அடங்கியுள்ளது; அதற்குரிய விடை பயிர். நெல்லுக்கு நடுவே நின்றால் அறுகு களை. விநாயகருக்கு அதுவே பூசைப்பொருள். தும்பையும் எருக்கும் வயலோரத்தில் வேண்டாதவை, வழிபாட்டில் வேண்டியவை. கீழாநெல்லி மூலிகை. களை பறிக்கும் பெண்கள் பண்ணைக்கீரையையும் பொன்னாங்கண்ணியையும் தனியே எடுத்து மடியில் கட்டிக்கொள்வர். களைபறித்தல் அவ்வளவில் ஓர் அறுவடையும் ஆகும்.

பயிர் இல்லாத இடத்தில் களை என்னும் கருத்துக்கு இடமில்லை. ஆனால் அழகுத் தோட்டத்தின் வருகைக்குப் பின், நடாமல் முளைத்த எதுவும் களை என்னும் வழக்குப் பரவியது. பயிருக்குப் போட்டி என்னும் உறவுப்பொருள் மங்கி, கண்ணுக்கு உறுத்தல் என்னும் தோற்றப்பொருள் முன்வந்தது. எருக்கிலையைத் தின்றே வளரும் வண்ணத்துப்பூச்சியின் புழு, எருக்கு அகற்றப்பட்ட தோட்டத்தில் வாழ்வதற்கில்லை. வண்ணத்துப்பூச்சியை விரும்பிப் புழுவை வெறுக்கும் தோட்டக்காரர், ஒரே உயிரை இருபெயரால் பிரித்துவிடுகிறார். முகப்பொலிவைக் குறிக்கும் களை, கலா என்னும் வடசொல் வழியது. செடியைக் குறிக்கும் களையோடு அதற்கு உறவில்லை. ஆயினும் களையை முற்றும் களைந்த தோட்டம் களையிழந்து நிற்பதைத் தமிழ் கேட்போர் காதால் உணர்வர்.

இரண்டாவது, குப்பை. இதன் அடிப்படைப் பொருள் குவியல் என்பதே. நெல்லின் குவியலும் குப்பை எனப்பட்டது. உழவர் வழக்கில் இன்றும் குப்பை என்பது எரு. வண்டியில் குப்பை அடித்தல் என்பது வயலுக்கு உரம் கொண்டு செல்வது. நகர வழக்கிலோ அது அகற்றி எறிய வேண்டிய கழிவு. உதிர்ந்த இலை இவ்விரு வழக்குகளுக்கும் இடையே சிக்கிக்கொண்டது. உழவர் பேச்சில் அது செல்வம். பூங்காப் பணியாளருக்குத் தரும் ஆணையில் அது கூட்டிக் கொளுத்த வேண்டிய பொருள். மண்புழு, மரவட்டை, தேரை, அரணை ஆகியவற்றின் உறைவிடம் இச்சருகே.

மூன்றாவது, துப்புரவு. திருக்குறளில் இச்சொல் நுகர்பொருளைக் குறிக்கிறது. உண்பதற்கும் துய்ப்பதற்கும் உரியவை துப்புரவு. இன்றைய வழக்கில் அது தூய்மையைக் குறிக்கிறது; நடைமுறையில் அகற்றுதல் என்றே ஆகிவிட்டது. இருக்கின்றவற்றைச் சுட்டிய சொல் இல்லாமையைச் சுட்டும் சொல்லாயிற்று. இம்மாற்றத்துக்குத் தோட்டத்தைக் காரணமாகக் கூற முடியாது. ஆனால் தோட்டத்தின் மீது இச்சொல்லைப் பயன்படுத்தும்போது அதன் இன்றைய பொருள் செயல்படுகிறது.

இவற்றோடு பேச்சுவழக்கில் உள்ள பூச்சிமருந்து என்னும் தொடரையும் சேர்த்து எண்ணலாம். நூல்வழக்கில் பூச்சிக்கொல்லி என்றும் களைக்கொல்லி என்றும் எழுதுகிறோம்; பேச்சிலோ 'மருந்து அடித்தல்' என்கிறோம். கொல்லும் பொருளை மருந்தென்றால், பூச்சி நோயாகிவிடுகிறது.

7. உயிர்வேலி தரும் முன்மாதிரி

இம்மூன்று சொற்களும் விலகிச் சென்ற திசைக்கு மாறாக, ஒழுங்கையும் உயிரையும் இணைத்தே வைத்திருக்கும் ஒரு சொல் தமிழில் உண்டு. அது உயிர்வேலி. வேலி என்பது எல்லை. தஞ்சைப் பகுதியில் நில அளவையின் பெயராகவும் வழங்கியது. எல்லையைப் போல ஒழுங்குக்கு அடையாளம் வேறில்லை. அவ்வெல்லையே உயிருடையதாக இருக்கலாம் என்பதை இத்தொகைச்சொல் உணர்த்துகிறது.

கொங்குப் பகுதியின் கொறங்காடு எனப்படும் மேய்ச்சல் நிலங்கள் இதற்கு நடைமுறைச் சான்று. நிலத்தைச் சுற்றி முள்கிளுவை வேலி; உள்ளே கொழுக்கட்டைப் புல்; இடையிடையே வெள்வேல மரம். வேலி காலந்தோறும் கழிக்கப்படுகிறது. கழித்த பின்னும் அதனுள் குருவி கூடுகட்டுகிறது, ஓணான் ஒதுங்குகிறது. எல்லை நேராக இருப்பதால் உள்ளே இருப்பது கவனிப்பாரற்ற புதர் என்று எவரும் கருதுவதில்லை. தோட்டத்தின் ஓரம் செப்பமாக இருந்தால், நடுவில் புல் உயர்ந்து நிற்பது திட்டமிட்ட செயலாகக் கண்ணுக்குப் புலப்படும் என்னும் இன்றைய தோட்டக்கலைக் கருத்தை இவ்வேலி முன்னரே நடைமுறையில் காட்டியுள்ளது. கிளை கழித்தலைக் குறிக்கும் கவாத்து என்னும் சொல், படைப்பயிற்சியைக் குறிக்கும் சொல்லோடு வடிவொத்து வழங்குகிறது. உயிர்வேலியைக் கழிப்போர் செய்வதோ அணிவகுப்பன்று; அடுத்த தளிருக்கு இடம்விடுதல்.

8. மொழிபெயர்ப்பாளர் கருதத்தக்கவை

தோட்டம் பற்றிய கையேடுகளும் பூங்கா அறிவிப்புப் பலகைகளும் பெரும்பாலும் மொழிபெயர்ப்புகளே. அவற்றிலுள்ள சொல்லின்படி ஒரு பணியாளர் அரிவாளை எடுக்கிறார் அல்லது எடுக்காமல் விடுகிறார். ஆகவே சொற்றேர்வு இங்கு நடை பற்றிய சிக்கலாக மட்டும் முடிவதில்லை. பின்வருவன கருதத்தக்கன.

அ. ஒழுங்கைக் குறிக்கச் சுத்தம், துப்புரவு என்பவற்றைத் தவிர்த்து, நேர்த்தி, செப்பம் என்பவற்றை ஆளலாம். முன்னவை அகற்றுதலால் அடைவன. பின்னவை ஆக்குதலால் அடைவன. விதைநேர்த்தி என்னும் வேளாண் வழக்கு இதற்குத் துணைநிற்கும்.

ஆ. களை என்று எழுதுமுன் எந்தப் பயிருக்குக் களை என்று கேட்க வேண்டும். விடை இல்லையெனில் 'தானாக முளைத்த செடி' என எழுதுவதே மூலத்துக்கு நேர்மையாகும். உண்ணிச்செடி போன்றவற்றுக்குக் களை என்பது போதாது. அயலிலிருந்து வந்து பரவுவது என்னும் கருத்தை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். வண்ணத்துப்பூச்சிக்குத் தேன் தருகிறது என்பதற்காக அதனை நடச் சொல்லும் கையேட்டைப் பெயர்ப்போர் இங்கு எச்சரிக்கையாக இருத்தல் நலம்.

இ. உதிர்ந்த இலையைச் சருகு என்றே குறிக்கலாம். குப்பை என்று எழுதினால் அது தீக்கு இரையாகும்.

ஈ. வனவிலங்கு என்னும் வழக்கு பாலூட்டிகளையே நினைவூட்டுகிறது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமோ வாழிடத்தின் பகுதியான தாவரங்களையும் அக்கருத்துள் அடக்குகிறது. சு. தியடோர் பாஸ்கரன் ஆண்டுவரும் காட்டுயிர் என்னும் சொல் இவ்விரிவுக்கு இடந்தருவது. எனினும் மனைத்தோட்டத்துத் தேன்சிட்டுக்கும் தேரைக்கும் 'காடு' என்னும் அடை பொருந்துவதில்லை. உயிர்வேலியை ஒட்டி 'உயிர்த்தோட்டம்' என்னும் தொகையை இங்கு முன்மொழியலாம். அது பொருந்தாத இடத்தில், உயிர்கள் தங்கும் தோட்டம் என விரித்துரைப்பதே போதும்.

9. முடிவுரை

கல்கத்தாவில் மரங்களை வெட்டச் செய்தது அறியாமையன்று; ஒழுங்கு பற்றிய ஒரு கருத்து. நீலகிரியின் புல்வெளியை மறைத்தது வெறுப்பன்று. தரிசு என்னும் ஒரு பெயர். சொல்லும் கருத்தும் நிலத்தில் இவ்வாறு தடம் பதிக்கும் என்றால், சொல்லைத் திருத்துவதாலும் நிலத்திற்கு ஓரளவு நன்மை விளையக்கூடும். தமிழில் அதற்குப் புதிதாக ஆக்க வேண்டியவை சிலவே. கொல்லை, கா, உயிர்வேலி, சருகு, நேர்த்தி ஆகியவை வழக்கில் உள்ளன. வட்டார வழக்குகளில் வேலிகளுக்கும் வேலிச் செடிகளுக்கும் தானே முளைக்கும் கீரைகளுக்கும் வழங்கும் பெயர்கள், கம்பி வேலியும் சுற்றுச்சுவரும் பெருகும் இந்நாளில், அவற்றைச் சொல்வோர் உள்ளபோதே தொகுக்கப்படுதல் வேண்டும். கிளுவை என்னும் பெயரை அறியாத தலைமுறைக்கு அவ்வேலி வெறும் முட்புதராகவே தோன்றும். முட்புதரை வெட்டுவதற்கு யாரும் இருமுறை எண்ணுவதில்லை.